‘டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன்’: செவிலியரின் பொறுப்பைச் சட்டம் எப்படி அளக்கிறது

1993 டிசம்பர் 24 அன்று டைபாய்டு காய்ச்சலோடு ஒரு சிறுவன் டெல்லியின் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். 30-ம் தேதி காலை, நரம்பில் போட வேண்டிய ஊசி மருந்து ஒன்றை வாங்கி வரும்படி செவிலியர் அவனுடைய தந்தையிடம் எழுதிக் கொடுத்தார். டாக்டர் எழுதியிருந்தது குளோரம்ஃபெனிகால். செவிலியர் அதை மலேரியா மருந்தான குளோரோகுயின் என்று படித்து, அதன் வணிகப் பெயரான ‘லாரியாகோ’ என்று எழுதிவிட்டார். ஊசி ஏறியதும் தாயின் மடியிலேயே குழந்தை துவண்டு விழுந்தது. இதயம் நின்றுபோனது. உயிரைக் காப்பாற்ற முடிந்தது. மூளையைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்தியாவில் செவிலியர் பொறுப்பைப் பற்றிப் பேசும் எவரும் தொட்டே தீர வேண்டிய தீர்ப்பு. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்காக 5 லட்சம் என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் இழப்பீட்டை நீதிமன்றம் உறுதி செய்தது. பணத்தைவிட முக்கியமானவை விசாரணையில் வெளிவந்த விவரங்கள். ஊசி போட்டவர் எந்த மாநிலத்தின் செவிலியர் பதிவேட்டிலும் இல்லாதவர். ஊசியைத் தானே போட்டிருக்க வேண்டிய டாக்டர் அதை அவரிடம் விட்டிருந்தார். மருந்தின் பெயரைக் கேட்டு உறுதி செய்ய எவரும் நிற்கவில்லை. இந்த மூன்று ஓட்டைகளில் எது அடைபட்டிருந்தாலும் அந்தக் குழந்தை நடந்தே வீடு திரும்பியிருக்கும்.

மருத்துவரின் உத்தரவை நிறைவேற்றுவதோடு தன் சட்டப் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் வார்டுகளில் இன்னும் ஆழமாக இருக்கிறது. அது தவறு. செவிலியரின் கவனக் கடமை டாக்டரிடமிருந்து கடன் வாங்கியதல்ல. பதிவு பெற்ற தொழில்முறையாளர் என்ற முறையில் அது அவருக்கே உரியது. அதே தகுதியும் அனுபவமும் உள்ள, நிதானமான வேறொரு செவிலியர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதுதான் நீதிமன்றம் கையில் எடுக்கும் அளவுகோல். 1957-ல் இங்கிலாந்தின் போலம் வழக்கில் மருத்துவர்களுக்காகச் சொல்லப்பட்டு, இந்திய நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல் இது.

எல்லாத் தவறும் அலட்சியம் ஆகிவிடாது. கடமை இருந்தது, அது மீறப்பட்டது, அந்த மீறலால்தான் பாதிப்பு வந்தது என்ற மூன்றும் நிரூபிக்கப்பட வேண்டும். சரியாகப் போட்ட கேனுலா (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) வழியாகவும் நரம்பு வீங்கலாம்; அது சிக்கல், அலட்சியமல்ல. வீங்கியிருப்பதைப் பார்த்த பிறகும் அதே கேனுலாவில் அடுத்த டோஸைச் செலுத்தினால் அங்கே அலட்சியம் தொடங்குகிறது.

ஒரே சம்பவம் ஒரே நேரத்தில் பல இடங்களில் விசாரணைக்கு வரலாம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அரசு மருத்துவமனை மீது இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகத் தடை இல்லை. பெரும்பாலும் இழப்பீட்டைக் கட்டுவது நிர்வாகம்தான். ஊழியரின் பிழைக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டக் கொள்கை. அதோடு துறை நடவடிக்கையும், மாநிலச் செவிலியர் மன்றப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் நடவடிக்கையும் தனியாக நடக்கலாம்.

குற்ற வழக்கு வேறு தளம். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அடுத்த சிலிண்டரை இணைத்து இயக்குவதற்குள் சில நிமிடங்கள் போய்விட்டன, நோயாளி இறந்தார். மருத்துவத் தொழிலில் இருப்பவரைக் குற்றவாளி ஆக்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் வரையறுத்தது. சிலிண்டர் அளவைப் பார்ப்பது ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் 10 விநாடி வேலை. அந்த வழக்கின் விவரங்களைப் படிக்கும் எந்தச் செவிலியருக்கும் முதலில் உறைப்பது அதுதான்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற 106(1) பிரிவில் தண்டனை 5 ஆண்டு வரை உயர்த்தப்பட்டது. முன்பு 2 ஆண்டு. பதிவு பெற்ற மருத்துவர் மருத்துவச் செயல்முறையின்போது செய்தால் மட்டும் உச்ச வரம்பு 2 ஆண்டு. அந்தப் பிரிவே தரும் விளக்கத்தின்படி, பதிவு பெற்ற மருத்துவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் கீழ் தகுதி பெற்று மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். அதாவது, ஒரே அறுவை அரங்கில் நடந்த ஒரே சம்பவத்துக்கு, சட்டத்தின் எழுத்துப்படி டாக்டருக்கு 2 ஆண்டும் செவிலியருக்கு 5 ஆண்டும் உச்ச வரம்பு. இது நியாயமற்ற வேறுபாடு. திருத்தப்படும்வரை செவிலியர்கள் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

மருந்து: அதிகம் தவறும் இடம்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் எல்லா நர்சிங் மாணவர்களுக்கும் மனப்பாடம். பிழை நடப்பது இவை தெரியாததால் அல்ல. அவசரத்தில் ஒவ்வொன்றும் எப்படி நழுவுகிறது என்பதைப் பார்த்தால்தான் பயன்.

நோயாளியை அடையாளம் காண்பதில், “நீங்கதானே செல்வி?” என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டுவார். “உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டு, கைப்பட்டையில் உள்ள பதிவு எண்ணோடு ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளமே அல்ல. மாலையில் படுக்கை மாறியிருக்கும்.

இன்சுலினில் நம் நாட்டில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. இங்கே குப்பிகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினை 40-க்கான சிரிஞ்சில் ‘20’ என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே இருப்பது அரை மில்லி. அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. நள்ளிரவில் நோயாளி வியர்த்து மயங்கிக் கிடப்பதைக் கண்டுபிடிக்கும்போது சர்க்கரை 30-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். தலைகீழாக நடந்தால் 20 யூனிட்டுக்குப் பதில் 8 யூனிட்தான் போகும். மறுநாள் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து டாக்டர் டோஸைக் கூட்டுவார், அந்தக் கூட்டிய டோஸைச் சரியான சிரிஞ்சில் போடும் அடுத்த ஷிஃப்டில் ஆபத்து வரும். குப்பியின் லேபிளையும் சிரிஞ்சின் மூடியையும் இரண்டாவது செவிலியர் ஒருவர் பார்ப்பதைத் தவிர இதற்கு நம்பகமான தடுப்பு இல்லை.

பொட்டாசியம் குளோரைடு இன்னும் கொடியது. 15 சதவீத, 10 மில்லி ஆம்பூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் (தாது உப்புகளை அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கும். அதை நீர்க்காமல் நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். சாதாரண வார்டில், கை நரம்பு வழியாக, 500 மில்லி சலைனில் ஓர் ஆம்பூல் கலந்து குறைந்தது 2 மணி நேரத்தில் ஏற்றுவது பாதுகாப்பான எல்லை. கலந்ததும் பாட்டிலைப் பலமுறை தலைகீழாகப் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடர்த்தியான மருந்து அடியில் தங்கி முதல் சில மில்லியிலேயே மொத்தமாக இறங்கும். ஏற்றுவதற்கு முன் சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். சலைன், மலட்டு நீர் ஆம்பூல்களோடு இதை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இரண்டையும் கையில் எடுத்தால் வேறுபாடு தெரியாது.

உத்தரவு முழுக்கச் சரியாக இருந்தும் செலுத்தும் முறையில் தவறு நேரும் மருந்துகளும் உண்டு. வலிப்புக்கான ஃபெனிடாய்னை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகும். சலைனில்தான் கலக்க வேண்டும். நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வேகம் கூடாது. 1,000 மில்லிகிராம் என்றால் 20 நிமிடமாவது ஆக வேண்டும். “டாக்டர் ஃபெனிடாய்ன் எழுதினார், போட்டேன்” என்ற பதில் இங்கே எடுபடாது. கலவையும் வேகமும் செவிலியரின் அறிவுக்குள் இருக்க வேண்டியவை.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? மருந்தைப் போடாமல் நிறுத்தி வைத்து எழுதியவரையே கேட்க வேண்டும். “டாக்டர், பொட்டாசியம் குளோரைடு 20 மில்லி ஈக்விவலன்ட் ‘ஸ்டாட்’ (உடனே) என்று எழுதியிருக்கிறீர்கள், 500 மில்லியில் கலந்து 2 மணி நேரமா?” என்று உத்தரவைத் தெளிவுபடுத்தும் வடிவில் கேட்டால் பெரும்பாலும் அங்கேயே திருத்தம் வந்துவிடும். “சொன்னதைச் செய்யுங்க சிஸ்டர்” என்று பதில் வந்து, ஆபத்து வெளிப்படையாக இருந்தால், மூத்த டாக்டரையும் நர்சிங் சூப்பரிண்டெண்டையும் அழைக்க வேண்டும். மருந்து ஏன் நிறுத்தப்பட்டது, யாரிடம் எத்தனை மணிக்குச் சொல்லப்பட்டது என்று எழுத வேண்டும். இது கீழ்ப்படியாமை அல்ல. ஆபத்தான உத்தரவு என்று தெரிந்தும் நிறைவேற்றிய செவிலியர் அந்தப் பிழையில் பங்காளி.

தொலைபேசி உத்தரவில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டி, ‘சரி’ என்று கேட்ட பிறகே போட வேண்டும். ‘ஃபிஃப்டீன்’ என்றாரா ‘ஃபிஃப்டி’ என்றாரா என்பது போனில் குழம்பும். இலக்கம் இலக்கமாக, ‘ஒன்று, ஐந்து’ என்று சொல்வது நல்லது. பெரும்பாலான மருத்துவமனை விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் டாக்டர் அதில் கையெழுத்திட வேண்டும். காலை ரவுண்ட்ஸில் கேட்டு வாங்காவிட்டால் அது செவிலியர் தானாகக் கொடுத்த மருந்தாகப் பதிவில் நிற்கும்.

பார்ப்பது, சொல்வது, எழுதுவது

வழக்குகளில் அடிக்கடி வரும் இன்னொரு வகை, நோயாளி மோசமானதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் வலுவாகச் சொல்லவில்லை என்பது. “பேஷண்ட் கொஞ்சம் சரியில்ல டாக்டர்” என்று சொன்னால் மறுமுனையில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. “12-ம் படுக்கை, இன்று காலை வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், 60 கிலோ. நாடி 128, பிரஷர் 86/50, கடந்த 2 மணி நேரத்தில் சிறுநீர் 20 மில்லிதான், டிரெயின் குழாயில் 300 மில்லி ரத்தம். உள்ளே ரத்தக் கசிவு என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வர வேண்டும்.” இதில் சூழல், பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் நான்கும் இருக்கின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி சிறுநீராவது வர வேண்டும் என்பது தெரிந்தால்தான் ‘20 மில்லி’ என்ற எண்ணின் எடை புரியும். டாக்டர் வராவிட்டால் மறுபடி அழைக்க வேண்டும். பிறகு அவருக்கு மேலுள்ளவரை. ஒருமுறை சொல்லிவிட்டோம் என்று நிற்பது போதாது.

ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் படுக்கையருகே இருப்பதும் இதே வகைக் கடமைதான். பையை வெளியே எடுத்து 30 நிமிடத்துக்குள் தொடங்கி 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பையின் எண், பிரிவு, காலாவதி, நோயாளியின் கைப்பட்டை ஆகியவற்றை இருவர் சரிபார்க்க வேண்டும். நர்சிங் மேசையில் அல்ல, படுக்கையருகே. குளிர், முதுகுவலி, காய்ச்சல், சிவந்த சிறுநீர் எது வந்தாலும் உடனே நிறுத்தி, புதிய செட்டில் சலைன் ஓடவிட்டு, டாக்டரை அழைத்து, பையை ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பையைக் குப்பையில் போட்டுவிட்டால் காரணமும் அதோடு போய்விடும்.

2004-ல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளி தரப்பு முதற்கட்டமாக அலட்சியத்தைக் காட்டிவிட்டால், அலட்சியம் நடக்கவில்லை என்று காட்டும் சுமை மருத்துவமனையின் மேல் விழும் என்றது. அதைக் காட்ட மருத்துவமனையிடம் இருக்கும் முதன்மையான சான்று கேஸ் ஷீட். அதில் செவிலியர் குறிப்பே மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதப்படுவது. டாக்டரின் குறிப்பு நாளுக்கு ஒன்றிரண்டுதான். ஆக, இரவு 2 மணிக்கு என்ன நடந்தது என்பதற்குச் செவிலியரின் பேனாதான் சாட்சி.

“நோயாளி நலம். டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.” இப்படி எழுதிய குறிப்பு எவரையும் காப்பாற்றாது. “02.10: நாடி 128, பிரஷர் 86/50. டியூட்டி டாக்டருக்குப் போனில் தெரிவித்தேன். 500 மில்லி சலைன் வேகமாக ஓடவிடச் சொன்னார். 02.15 தொடங்கியது. 02.35: பிரஷர் 84/50, மறுபடி அழைத்தேன். 02.45 டாக்டர் வந்து பார்த்தார்.” இந்தச் சில வரிகளில் ஒரு செவிலியரின் கவனம் முழுவதும் தெரிகிறது. தவறாக எழுதிவிட்டால் ஒரே கோட்டால் அடித்து, கீழே இருப்பது படிக்கும்படி விட்டு, தேதி, நேரம், சுருக்கொப்பம் போட வேண்டும். வெள்ளை மை பூசுவதும் பக்கத்தைக் கிழிப்பதும் பிழையை மோசடியாக்கிவிடும். விட்டுப்போனதைப் பிறகு எழுதினால் ‘தாமதப் பதிவு’ என்று குறிப்பிட்டு, எழுதும் நேரத்தையே போட வேண்டும். செய்யும் முன்பே ‘கொடுக்கப்பட்டது’ என்று டிக் அடித்து வைக்கும் வழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. நோயாளி 6 மணிக்கு இறந்து, 8 மணி மருந்து கொடுத்ததாகப் பதிவு இருந்தால், அதற்குப் பிறகு அந்தக் கேஸ் ஷீட்டில் எந்த வரியையும் நீதிமன்றம் நம்பாது.

கையெழுத்து வாங்குவது சம்மதம் அல்ல

அறுவைக்கு முந்தைய இரவு, “இதுல ஒரு சைன் போடுங்க” என்று படிவத்தை நீட்டும் வேலை செவிலியரிடம் தள்ளப்படுகிறது. 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயது வந்த, மயக்கம் தெளிந்து தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம்.

சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், ஆபத்து, மாற்று வழி, மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றை விளக்க வேண்டியவர் அந்தச் செயல்முறையைச் செய்யப்போகும் டாக்டர். செவிலியர் சாட்சி. “எதுக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாங்களா, என்ன புரிஞ்சுது?” என்று கேட்டு, நோயாளிக்குப் புரியவில்லை என்றால் டாக்டரைத் திரும்ப வரவழைப்பதே செவிலியர் செய்ய வேண்டியது. மயக்கத்துக்கு முந்தைய மருந்து கொடுத்த பிறகு வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது. கருக்கலைப்பில் வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டப்படி போதும். கணவரின் கையெழுத்து இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்புவதற்குச் சட்ட ஆதாரம் எதுவும் இல்லை.

ரகசியம் காப்பதிலும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. படுக்கைத் தலைப்பில் சிவப்பு அட்டை தொங்கவிடுவதும், கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதுவதும் வெளியிடுவதுதான். எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையுறை போடுவது உண்மையான பாதுகாப்பு; அந்தப் பாதுகாப்புப் பொருள்களைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. காயத்தின் படத்தை வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவது, முகம் தெரியாவிட்டாலும், நோயாளியின் அனுமதி இல்லையென்றால் தவறு.

ரகசியத்துக்கு விலக்கும் உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்ஸோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி தகவல் தர வேண்டும். தராவிட்டால் 6 மாதம் வரை சிறை. இது டாக்டருக்கு மட்டும் உரிய கடமை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் ‘எவரும்’ என்கிறது. 18 நிரம்பாத கர்ப்பிணி கருக்கலைப்புக்கு வந்தால், அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவலில் பெயரும் அடையாளமும் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த விவரம் தெரியாததால் பல சிறுமிகள் பயந்து போலி மருத்துவரிடம் போகிறார்கள். பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு ஆகியவற்றில் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும். அத்தகையவரின் உடைகளைத் துவைக்கவோ, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டவோ கூடாது. உலர்த்தி, காகித உறையில் போட்டு, முத்திரையிட்டு, யாரிடம் எப்போது ஒப்படைத்தோம் என்று எழுத வேண்டும்.

நோயாளியைக் கட்டிப்போடுவது பற்றி ஒரு குறிப்பு மட்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அதைத் தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாகவோ செய்வதைத் தடுக்கிறது. பொது வார்டில் பிதற்றும் முதியவருக்கும் இதே நெறி பொருந்தும்.

ஆள் பற்றாக்குறை என்ற உண்மையை ஒதுக்கிவிட்டு இவற்றையெல்லாம் பேசுவது செவிலியர்களுக்கு அநீதி. வென்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. இரவு டியூட்டியில் ஒருவர் 40 படுக்கைகளைப் பார்க்கும் வார்டில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் புரட்டிப் படுக்க வைப்பது உடலால் முடியாத காரியம். வேலைப்பளு என்ற பதில் மட்டும் செவிலியரை முழுவதும் விடுவித்துவிடாது. ஆனால் ஷிஃப்ட் தொடங்கும்போதே, “இன்று 40 நோயாளி, 3 பேர் ஆபத்தான நிலை, செவிலியர் ஒருவர், கூடுதல் ஆள் தேவை” என்று நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு எழுத்தில் தந்து நகல் வைத்துக்கொண்டால், கேள்வி நிர்வாகத்தின் பக்கம் திரும்பும். கோபத்தில் டியூட்டியை விட்டு வெளியேறினால் மட்டும் நிலைமை தலைகீழாகும். அடுத்தவரிடம் ஒப்படைக்காமல் போவது நோயாளியைக் கைவிடுவதாகும்.

இத்தனைக்குப் பிறகும் பிழை நடக்கும். நடந்தால் முதல் வேலை நோயாளியைப் பார்ப்பது: மருந்தை நிறுத்தி, நாடி, பிரஷர், மூச்சு பார்த்து, டாக்டரை அழைத்து, என்ன மருந்து எவ்வளவு போனது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிட உண்மைதான் மாற்று மருந்தைச் சரியாகத் தேர்வு செய்ய உதவும். ஆம்பூல், சிரிஞ்ச், பாட்டில் மூன்றையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் நடந்ததை மட்டும், ஊகமும் பழியும் இல்லாமல் எழுத வேண்டும். நிர்வாகத்துக்கான சம்பவ அறிக்கை தனித் தாளில். குடும்பத்தினரிடம் சிகிச்சை டாக்டரும் செவிலியரும் சேர்ந்து போய், நடந்தது என்ன, இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தருவது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் உள்ள கடமை. அதுவரை கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தும் மாறாமல் வார்டுப் பொறுப்பாளர் அதைப் பூட்டி வைக்க வேண்டும்.